நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வருமோ

அப்பாவுக்கு பைபாஸ் செய்யத் திகதி கிடைத்த நாளிலிருந்து எங்கட வீட்டுக்கு வந்துபோன ஆட்களுக்கு ஊற்றின பிளேன்ரீயில் ஒரு சின்னக் கல்யாணமே செய்திருக்கலாம். வந்த எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் வேறு வேறு குரலில் சொன்னார்கள்: "இது இப்ப சின்ன விஷயம்." சொல்லிவிட்டு, கோப்பையைக் கீழே வைக்க முதல், யாரோ ஒருவர் ஓபரேஷன் மேசையிலேயே போன கதையையும் சொன்னார்கள். அவர் யார், எந்த ஊர், என்ன வருத்தம் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கதை மட்டும் தெரியும்.

சத்திரசிகிச்சைக்கு முன்னால் வருகிற பதற்றம் பற்றி எழுத வேண்டும் என்று நாங்கள் மூன்று பிள்ளைகளும் யோசித்தது அந்த ஏழு கிழமைகளை வைத்துத்தான். திகதிக்கும் தியேட்டருக்கும் இடையில் ஏழு கிழமை. வருத்தக்காரருக்கு அது ஓய்வு என்று வெளியில் இருந்து பார்க்கிற ஆட்கள் நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு வேலை. காலையில் எழும்பினால் முதலில் வருவது அந்த நினைப்பு, படுக்கப் போனால் கடைசியாகப் போவதும் அதுதான்.

அப்பாவுக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்ன கராஜ். மீன்பிடி போட்டுகளின் அவுட்போட் இஞ்சின் திருத்துவார். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் தொழில். ஒரு நாள் இஞ்சின் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தபோது நெஞ்சு இறுகி, இடது கை விறைத்து, அப்படியே இருந்துவிட்டார். பிறகு ஈ.சீ.ஜீ., பிறகு கொழும்பில் அஞ்சியோகிராம். மூன்று குழாயிலும் அடைப்பு. ஸ்டென்ட் போட்டுச் சரிவராது, திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். எங்கட ஊரில் இந்தச் சத்திரசிகிச்சை இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் செய்கிறார்கள், கண்டியில் செய்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது கொழும்பில் ஒரு அரச வைத்தியசாலை. காசு கட்டத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நேரத்தில் நாங்கள் யோசிக்கக்கூட இல்லை.

கிளினிக்கில் டொக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் வெளியே வாங்கில் நாற்பது பேர். எங்களுக்குக் கிடைத்தது நாலைந்து நிமிடம், அதுவும் சிங்களமும் இங்கிலிஷும் கலந்து. பக்கத்தில் நின்ற அட்டென்டன் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் திருப்பிச் சொன்னார். "நெஞ்சு வெட்டி, ஹார்ட் நிப்பாட்டி, கால் நரம்பு எடுத்து, தைச்சு, சரி." ஐந்து சொல்லில் முழு ஓபரேஷனும் முடிந்தது. கையெழுத்துக்குத் தந்த படிவம் சிங்களத்தில் இருந்தது. அதில் எங்களுக்கு விளங்கியது கையெழுத்து வைக்கிற கோடு மட்டும்.

திரும்பி வருகிற வானில் அப்பா பேசவில்லை. ஹபரணை தாண்டி, கந்தளாய்க்கும் கிட்ட வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"வெட்டுறது பரவாயில்ல பிள்ளையள். நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வருமோ?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. ஓடுகிற இஞ்சினில் கை வைக்க ஏலாது, நிப்பாட்டித்தான் துறக்க வேண்டும் என்று அவரை விடத் தெரிந்த ஆள் துறைமுகத்தில் இல்லை. ஆனால் இன்னொன்றும் அவருக்குத் தெரியும். பத்து வருஷம் ஒரு கரைச்சலும் தராமல் ஓடின பழைய இஞ்சினை, சின்ன வேலைக்கு என்று நிப்பாட்டிக் கழற்றினால், சிலது அதுக்குப் பிறகு எழும்பவே எழும்பாது. ஏன் என்று காரணம் சொல்ல முடியாது. அப்படி எத்தனையோ இஞ்சினை அவர் கையால் மூடி வைத்திருக்கிறார். சொந்தக்காரர் எல்லாரும் கத்திக்கும் இரத்தத்துக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா பயந்தது வேறு ஒன்றுக்கு. அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் மூவரிலும் ஒருவர்கூட பயோ படித்தவர் இல்லை. ஒருவர் கலைப்பீடம், ஒருவர் பாமசியில் கணக்கு எழுதுகிறவர், ஒருவர் இன்னும் ஏ.எல். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடலாம் என்று இறங்கினோம். வாசித்ததை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் சொல்வோம். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். தெரியாததை அடுத்த நாள் தேடுவோம். கிளினிக்குக்குப் போகும்போது கேட்பதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதியும் வைத்தோம்.

இதயத்தை நிப்பாட்டுவது ஆளை நிப்பாட்டுவது அல்ல, அதுதான் முதலில் விளங்க வேண்டியது. ஜோன் கிபன் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் 1931 இல் இளம் டொக்டராக இருந்தபோது, நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவு முழுக்க இருந்து, அவர் சாவதைப் பார்த்தாராம். இரத்தத்தை வெளியே எடுத்து, ஒட்சிசன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்ப ஒரு மெஷின் இருந்தால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில் வந்தது. மனைவி மேரியும் அவருமாக வருஷக்கணக்காக அதில் வேலை செய்தார்கள். 1953 மே 6 ஆம் திகதி பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த ஓட்டையை அந்த மெஷினின் துணையோடு மூடினார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக மெஷின்தான் வேலை செய்தது. அவர் பிழைத்தார். கிபன் அதற்குப் பிறகு செய்தவர்கள் பிழைக்கவில்லை, மனம் உடைந்து அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார். இதையும் அப்பாவிடம் மறைக்கவில்லை. "முதல் மொடல் எல்லாம் அப்படித்தான்" என்றார். யமஹாவைப் பற்றிச் சொல்வது மாதிரி.

1967 இல் ரெனே ஃபவலோரோ என்ற ஆர்ஜென்டீனாக்காரர் கிளீவ்லாந்தில் காலில் இருந்து எடுத்த நாளத்தை வைத்து அடைப்பைச் சுற்றிப் புது வழி போட்டார். அப்பாவுக்குச் செய்யப் போவதும் அடிப்படையில் அதுதான். நெஞ்சுக்குள் இருக்கிற ஒரு நாடியையும் இப்போது சேர்த்துப் பாவிக்கிறார்கள், அது நீண்ட காலம் நிற்கும். "காலில இருந்து எடுத்தா கால் என்ன செய்யும்?" என்று கேட்டார். மற்ற நாளங்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும். இரத்தம் மெஷினின் குழாய்க்குள் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுத்து, முடிந்த பிறகு அதை முறிக்க வேறு மருந்து கொடுப்பார்கள் என்றதும் அவருக்குப் பெரிய திருப்தி. குழாய் அடைப்பு அவருடைய பாடம்.

ஆனால் அவர் கேட்டது ஸ்டார்ட் பற்றி. இதயத்தை நிப்பாட்டுவது பெரும்பாலும் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால். வாழைப்பழத்திலும் இளநீரிலும் இருக்கிற அதே பொட்டாசியம்தான், அளவு வேறு. பெரிய நாடியைக் கவ்வியால் பிடித்து, அந்தக் கரைசலை இதயத்தின் சொந்தக் குழாய்களுக்குள் விடுவார்கள். தசை சுருங்க முடியாமல் தளர்ந்த நிலையில் நின்றுவிடும். நிற்கிற இதயத்துக்கு உணவும் ஒட்சிசனும் மிகக் குறைவாகவே தேவை, குளிரில் இன்னும் குறைவு. தையல் முடிந்ததும் கவ்வியை எடுப்பார்கள். அவருடைய சொந்தச் சூட்டு இரத்தம் திரும்பப் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போகும். அப்போது இதயம் பல நேரம் யாரும் தொடாமலே அடிக்கத் தொடங்கும். சில நேரம் ஒழுங்கில்லாமல் துடிக்கும், அப்போது சின்ன ஷொக் ஒன்று.

இதைச் சொல்லி முடித்த இரவு அப்பா கனநேரம் முற்றத்தில் இருந்தார். பிறகு உள்ளே வந்து சொன்னார், "அப்ப இது இஞ்சின் இல்ல. இஞ்சினுக்கு கயிறு இழுக்க வேணும்."

அதுக்குப் பிறகு பயம் போய்விட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. வேறு இடத்துக்குப் போனது. அடுத்த கிளினிக்கில் அவரே கேட்டார், எத்தனை பேர் தப்புவார்கள் என்று. திட்டமிட்டுச் செய்கிற, வேறு பெரிய வருத்தம் இல்லாத ஆட்களின் பைபாஸில் பெரிய நிலையங்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை இழக்கிறார்கள், வயது, சீனி, சிறுநீரகம், இதயத்தின் பம்ப் பலம் எல்லாம் பார்த்து அது கூடும் குறையும். நாங்கள் வாசித்ததும் அதுதான், டொக்டர் சொன்னதும் அதற்குக் கிட்டத்தான். எங்களுக்கு அது நல்ல கணக்காகப் பட்டது. 98 மார்க்ஸ் மாதிரி. அப்பா தலையை ஆட்டினார்.

"நூறு போட் போய் ரெண்டு வராட்டி அது பெரிய கணக்கு மகள்."

துறைமுகத்தில் வளர்ந்த ஆளுக்கு நூற்றுக்கு இரண்டு என்பது ஒரு சதவீதம் அல்ல. ரெண்டு வீடு. நாங்கள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த கேள்வியைக் கொப்பியில் எழுதினோம்: செய்யாமல் விட்டால் என்ன? அதற்கு டொக்டர் படத்தைக் காட்டி, இடது பக்கத்துப் பெரிய குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று பேனையால் தொட்டுக் காட்டினார். கரையில் நிற்பதும் பாதுகாப்பு இல்லை என்று அப்பா தானே கணக்குப் போட்டுக்கொண்டார்.

"ஒண்டும் இல்ல, பயப்பிடாதைங்கோ" என்று சொல்வதை விட என்ன நடக்கப் போகிறது என்று சொல்வது மேல் என்பது எங்கட கண்டுபிடிப்பு அல்ல. பொஸ்டனில் மசசூசெட்ஸ் ஜெனரல் ஹொஸ்பிட்டலில் லோரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் கூட்டாளிகளும் 1963 இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நித்திரை மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குத் தூக்கம் வந்தது, அமைதி வந்ததாகக் காட்ட முடியவில்லை. மயக்க மருந்து டொக்டர் வந்து பேசிவிட்டுப் போனவர்கள் தூங்கி வழியவில்லை, ஆனால் அமைதியாக இருந்தார்கள். அடுத்த வருஷம் வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்த 97 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் எங்கே நோகும், ஏன் நோகும், எப்படித் திரும்பிப் படுப்பது என்று விளக்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குக் கொடுத்ததில் ஏறக்குறையப் பாதி. அறுபது வருஷத்துக்கு முந்திய சங்கதி இது. விளக்கம் மலிவான மருந்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாங்கில் நாற்பது பேர் இருக்கும்போது அதைக் கொடுக்க ஆள் இல்லை, எங்கட மொழியில் கொடுக்க இன்னும் ஆள் இல்லை. நாங்கள் வீட்டில் செய்தது அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பினதுதான். எல்லா வீட்டிலும் கொப்பியோடு மூன்று பிள்ளைகள் இருப்பார்களா?

இதில் ஒரு விலக்கும் உண்டு. அம்மா. நாங்கள் பொட்டாசியம் பற்றிப் பேசத் தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். "எனக்குச் சொல்லாதைங்க. எனக்கு அது தெரிஞ்சு என்ன செய்ய?" அவருடைய வழி வேறு. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில், திங்கட்கிழமை கோணேசர் கோயில். கோட்டைக்குள்ளால் ஏறிப் போகிற வழியில் மான்களைக் கண்டால் நின்று பார்ப்பார். அப்பா வந்த பிறகு செய்வதாக வைத்த நேர்த்திகளின் பட்டியல் எங்கட கொப்பியை விட நீளம். சில ஆட்களுக்குத் தெரிந்துகொள்வதே பயத்தைக் கூட்டும். அவரைப் பிடித்து இருத்தி விளக்கம் சொல்ல நாங்கள் யார்?

கடைசி இரண்டு கிழமை கையால் செய்கிற வேலைகள் வந்தன, அது நல்லதாய்ப் போயிற்று. பீடியை விட்டார். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றில் மூச்சை இழுத்து இழுத்துப் பழகினார். முதல் நாள் ஒரு பந்துதான் எழும்பியது. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமப் பழகினார். நடு நெஞ்செலும்பை அறுத்துத் திரும்ப ஸ்டீல் கம்பியால் கட்டுவார்கள், இருமும்போது அது விலகுவது போல இருக்கும், தலையணை தாங்கும்.

இன்னொரு பயம் எங்களுடையது, அவருடையது அல்ல. முழிக்கும்போது தொண்டைக்குள் குழாய் இருக்கும், பேச வராது, குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையையும் மெதுவாகக் கட்டி வைத்திருக்கலாம். இது தெரியாமல் முழிக்கிற ஆள் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார். சுற்றி நிற்கிறவர்கள் பேசுவது விளங்காவிட்டால் இன்னும் மோசம். ஆகவே ஒரு மட்டையில் படங்கள் கீறினோம்: நோகிறது, தண்ணி, மூச்சு எடுக்கக் கஷ்டம், குளிர். ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்களத்திலும் எழுதுவித்தோம். குழாய் எடுத்த பிறகு சொல்வதற்கு மூன்று சொல் பாடமாக்கினார்: ரிதெனவா, வத்துர, ஹுஸ்ம. வான் ஓட்டுகிற சிங்கள நண்பர் ஒருவர் கராஜில் இருந்து உச்சரிப்புத் திருத்தினார். "ரிதெனவா" என்று அப்பா சொல்லும்போது உண்மையிலேயே நோவது போல முகம் வைப்பார், நாங்கள் சிரிப்போம். வாரக்கணக்கில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முதல் நாள் மாலை வார்டில் மயக்க மருந்து டொக்டர் வந்தார். கூட ஒரு தமிழ் இன்டர்ன். பத்து நிமிடம் இருந்திருப்பார்கள். அப்பா கொப்பியைப் பார்க்காமலே கேட்டார், நிப்பாட்டினா திரும்ப வருமா என்று. அந்த அம்மா தன்னுடைய கையை நெஞ்சில் வைத்து, "அது வரத்தான் பார்க்கும் ஐயா. நிப்பாட்டி வைக்கிறதுதான் எங்களுக்குக் கஷ்டம்" என்றாராம். கொஞ்ச நேரம் விட்டால் தானாக அடிக்கப் பார்க்கும் என்பதால்தான் அந்தக் கரைசலை இடைக்கிடை திரும்பக் கொடுக்கிறார்களாம். நாங்கள் ஏழு கிழமையாக வாசித்ததில் எங்கேயும் இதை இப்படிச் சொல்லியிருக்கவில்லை.

உடம்பு முழுக்கச் சவரம் செய்து, கிருமிநாசினி போட்டுக் குளிப்பாட்டினார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒன்றும் குடிக்கக் கூடாது. மோதிரம் கழறவில்லை, சவர்க்காரம் போட்டுக் கழற்றி அம்மாவிடம் தந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தம்பிக்குக் கோல் எடுத்து, கராஜில் மூலையில் இருக்கிற இஞ்சினின் காபரேட்டர் யாருடையது, எவ்வளவு காசு வர வேண்டும் என்று சொன்னார். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறு ஒன்றும் பேசவில்லை.

ஐந்தரை மணித்தியாலம் வெளியே இருந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அம்மா மோதிரத்தைத் தன் பெருவிரலில் போட்டிருந்தார்.

குழாய் எடுத்தது அடுத்த நாள். மட்டையில் தண்ணிப் படத்தை அழுத்தி அழுத்திக் காட்டினாராம், நேர்ஸ் மிஸ் பஞ்சால் உதட்டை நனைத்துவிட்டாராம். எங்களை உள்ளே விட்டபோது குரல் கரகரத்தது. முதலில் கேட்டது, "தானா வந்ததோ, ஷொக் குடுத்தவங்களோ?" மிஸ்ஸிடம் கேட்டோம், அவர் தியேட்டரில் நிற்கவில்லை. இன்னும் அது எங்களுக்குத் தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு எழுதியிருக்கிறது.

இப்போது அப்பா கராஜில் இருக்கிறார், பாரம் தூக்காமல், கதிரையில். போன கிழமை கிண்ணியாவில் இருந்து போட் வைத்திருக்கிற காக்கா ஒருவர் வந்தார். அவருக்கும் திகதி வந்திருக்கிறது. அப்பா பொட்டாசியத்தில் தொடங்கினார். காக்கா மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அது அல்லாஹ் பாத்துக்குவான் அண்ணன். நான் கேக்கிறது வேற. நெஞ்சை வெட்டித் தைச்ச பிறகு தொழக்க சுஜூது செய்ய எப்ப ஏலும்? கதிரையில இருந்துதான் தொழ வேணுமெண்டா எத்தின நாளைக்கு?" என்றார்.

அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. கொப்பியில் ஒரு புதுப் பக்கம் கிழித்து, காக்காவின் பெயரை மேலே எழுதி, அதை முதல் கேள்வியாகப் போட்டுக் கொடுத்தோம்.